மழைகட்டியின் மனைவிக்குத் தாகம்

கணவன் கழுத்தில் சோப்பு மணப்பது பெரிய குற்றமில்லை. பல வீடுகளில் அது மணக்காததுதான் சண்டைக்குக் காரணம். ஆனால் கர்சிதி மழைகட்டி. கல்யாணம், திருவிழா, திறப்பு விழா என்று எது நடந்தாலும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கும்வரை மேகம் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் கட்ட வேண்டிய விலை ஒன்றே ஒன்று. அன்றைக்குத் தண்ணீரைத் தொடக் கூடாது. குளிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, வாய்கூடக் கொப்பளிக்கக் கூடாது. மெராப்பி மலையடிவாரத்தில் இது ஆடு மாடுகளுக்கும் தெரிந்த சங்கதி.

அதனால்தான் மகள் லாரஸின் கல்யாண விருந்தன்று காலையில், கணவனுக்குக் காலர் பொத்தான் போட்டுவிடக் குனிந்த தர்மினி, அவர் காதுக்குப் பின்னால் மல்லிகை சோப்பு வாசனை அடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். போன வாரப் பகுதியில் அவளை அந்தப் பொத்தானோடு விட்டுவிட்டுப் போனோம். பாவம், இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

"என்ன பாக்குற?" என்றார் கர்சிதி.

"ஒண்ணுமில்ல. காலர் இறுக்கமா இருக்கு."

"விட்டுடு. பின்னால போய் உக்காரப் போறவனுக்குக் காலர் எதுக்கு?"

அவர் கிராம்பு சிகரெட்டும் சாம்பிராணியும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். போன வழியெல்லாம் மல்லிகை மணந்தது. தர்மினியின் தொண்டை காய்ந்திருந்தது. அவளும் நேற்று மாலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

அதுவும் கட்டுப்பாடுதான். மழையைக் கட்டும் கயிற்றின் ஒரு முனை புருஷன் கையில், மறுமுனை பெண்டாட்டி கையில் என்று கல்யாணத்தன்று கர்சிதியின் குரு சொல்லியிருந்தார். கடைசி விருந்தாளி செருப்பு மாட்டும்வரை மனைவியும் தண்ணீரைத் தொடக் கூடாது. தர்மினி தெரிந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

கர்சிதியின் புகழ் சாதாரணமானதல்ல. ஒரு சாவு வீட்டில் கட்டிய மழையை அவிழ்க்க மறந்துவிட்டு வீடு திரும்பிவிட்டார். அந்தத் தெருவில் மட்டும் அடுத்த மழைக்காலம்வரை சொட்டு விழவில்லை. கிணறு வற்றிய பிறகு வண்டி வைத்து அழைத்துப் போய் அவிழ்த்துக்கொண்டார்கள். ஒரு கால்பந்துப் போட்டியில் மைதானத்தின் பாதியைத்தான் கட்ட முடிந்தது. ஒரு கோல்கீப்பருக்குச் சளி பிடித்தது, எதிர்ப்பக்கத்துக் கோல்கீப்பருக்கு வெயிலில் தோல் உரிந்தது.

நம்பாதவர்கள் தர்மினியைக் கேட்கலாம். அன்று அவள் நடுக்கோட்டில் நின்றிருந்தாள். இடது தோள் நனைந்திருந்தது, வலது தோள் காய்ந்திருந்தது. காய்ந்த பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் கல்யாணத்தில் முடிந்தது.

இன்று அந்த மனிதர் மேல் சோப்பு மணக்கிறது.

*

கொல்லைச் சமையற்கட்டில் அண்டை வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். தேங்காய் துருவல் மலைபோலக் குவிந்திருந்தது. ஆட்டுக்கறி அண்டாவைக் கிளறியபடி யாத்மி ஊரை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"அக்கா, உன் உதட்டைப் பாத்தா வறண்ட வயல் மாதிரி வெடிச்சிருக்கு. ஒரு மடக்கு குடியேன். நாங்க யாரும் மேகத்துக்கிட்ட போட்டுக்குடுக்க மாட்டோம்."

"வாயக் கழுவுடி."

"நான் கழுவலாம். நீதான் கழுவக் கூடாது."

பெண்கள் சிரித்தார்கள். தர்மினியும் சிரித்து வைத்தாள். பிறகு வாழையிலையைத் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்:

"யாத்மி, மல்லிகை சோப்பு யாரு வீட்டுல போடுறாங்க?"

கரண்டி நின்றது. யாத்மியின் கரண்டி நிற்பது கிரகணம் மாதிரி, எப்போதாவது நடக்கிற விஷயம்.

"எதுக்குக்கா?"

"சும்மாதான்."

"புருஷன் மேல வேற சோப்பு மணந்தா அது சோப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லக்கா." யாத்மி குரலைத் தாழ்த்தினாள். "யாருன்னு சொல்லு. கறி வெந்ததும் எல்லாருமா சேந்து போயி ஒரு பாட்டம் அழுதுட்டு வருவோம்."

தர்மினி அடுத்த இலையை எடுத்தாள். வேறொரு பெண்ணாக இருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். பெண்ணென்றால் சண்டை போடலாம், முடியைப் பிடிக்கலாம், பிறகு ஒருநாள் மன்னிக்கலாம். தண்ணீரை என்ன செய்வது?

வாசல் பக்கமிருந்து சம்பந்தி ஹார்யோனோ வேகமாக வந்தார். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். கர்சிதியின் பெண்ணை மருமகளாக நிச்சயம் செய்த மறுநாளே கடை வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார்: பந்தலும் தருகிறோம், அதற்கு மேல் வானமும் தருகிறோம். இந்தச் சம்பந்தமே அந்தப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

"சம்பந்தியம்மா, மலைப்பக்கம் பாத்தீங்களா?"

தர்மினி பார்த்தாள். மெராப்பியின் தலை தெரியவில்லை. இடுப்பும் மறைந்துகொண்டிருந்தது. மேகம் எருமைக் கூட்டம்போல இறங்கி வந்துகொண்டிருந்தது.

"அவர் பின்னால உக்காந்துட்டார்," என்றாள்.

"உக்காந்தாச்சா? நல்லாக் கட்டச் சொல்லுங்க. இன்னிக்கு நம்ம பந்தல்ல மாவட்ட ஆபீஸ்காரங்க எல்லாம் சாப்பிடுறாங்க. ஒரு சொட்டு உள்ள விழுந்தா, அந்தப் பலகையக் கழட்டி நான்தான் தலையில பிடிச்சுக்கணும்."

அவருக்குப் பின்னாலேயே அவர் மனைவி முர்த்தியா வந்தாள். தங்கச்சரிகை உடுப்பு, கையில் விசிறி. விசிறியால் வீசிக்கொள்ளவில்லை, தர்மினியைச் சுட்டிக் காட்டினாள்.

"ஊருல என்ன பேசுறாங்க தெரியுமா சம்பந்தியம்மா? வானத்துக்காகத்தான் இந்த வீட்டுல பொண்ணு எடுத்தோமாம். வானம் காலை வாரிட்டா, அப்புறம் எங்களுக்குப் பொண்ணு மட்டும்தான் மிச்சம்."

"பொண்ணு மட்டும் இருந்தாப் போதாதா?"

"போதும், போதும். யாரு இல்லன்னா? நல்ல பொண்ணு. கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான்." முர்த்தியா சிரித்துக்கொண்டே போனாள்.

மணமேடையில் லாரஸ் மாப்பிள்ளை பாயுவுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தலையில் மல்லிகைச் சரம், நெற்றியில் கறுப்புச் சாந்து. மணப்பெண்ணும் குளிக்காமல் இருப்பது நல்லது என்று அவளையும் நேற்றிலிருந்து குளிக்க விடவில்லை. தாயின் உள்பாவாடை ஒன்று மழையை விரட்டும் வழக்கப்படி கூரைமேல் வீசப்பட்டு, அங்கிருந்து விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தது. பாயு அவ்வப்போது வானத்தைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான். பேச்சு வராத நல்ல பையன்.

"அம்மா," லாரஸ் உதட்டை அசைக்காமல் கேட்டாள். "அப்பா கட்டிடுவார்ல?"

"கட்டிடுவார்" என்று சொல்லித்தான் தர்மினிக்குப் பழக்கம். இன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராகக் கொல்லைப்புறம் நடந்தாள்.

*

மூங்கில் புதருக்குப் பின்னால் கர்சிதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி முதுகில் ஹார்யோனோவின் கடைப்பெயர் இருந்தது. எதிரே தரையில் ஈர்க்குச்சிகள் தலைகீழாக நட்டிருந்தன. அவற்றில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தியிருந்தன. சாம்பிராணிப் புகை மேலே போவதற்குப் பதில் பக்கவாட்டில் ஓடியது. காற்று மாறிவிட்டது.

"இங்க வரக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார்.

"எங்க குளிச்சீங்க?"

அவர் புகையை விட்டார். இல்லையென்று சொல்லலாமா என்று யோசிக்கிற முகம் ஒன்று வந்தது. பிறகு அதுவும் களைத்துப்போய் இறங்கிவிட்டது.

"பெட்ரோல் பங்க்ல. பின்னால குளியலறை இருக்கு. அங்க கிடந்த சோப்பு."

"மறந்துபோய்க் குளிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"எப்பவும் குளிக்கிறதுதான் தர்மினி."

மூங்கில் இலைகள் ஒன்றோடொன்று உரசின. பந்தலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். தர்மினி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப் பாவாடை அழுக்காகும் என்று தோன்றவில்லை.

"எப்பவும்னா?"

கர்சிதி மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூட்டுறவு சங்கத் திறப்பு விழாவுக்குக் கட்டப் போனேன் ஞாபகம் இருக்கா? போற வழியில வாய்க்கால் பாலம் வழுக்கிடுச்சு. கழுத்து வரைக்கும் உள்ள போயிட்டேன். எந்திரிச்சு வாழைத்தோப்புல ஒளிஞ்சுக்கிட்டேன். இப்ப வானம் பொத்துக்கப் போகுது, ஜனங்க கட்டையோட வரப் போறாங்கன்னு காத்திருந்தேன். என்ன ஆச்சு தெரியுமா? அன்னிக்கு அடிச்ச வெயில்ல, நான் மேடைக்குப் போறதுக்குள்ள சட்டை மொடமொடன்னு காஞ்சுபோச்சு. மாலை வேற போட்டாங்க."

"அப்புறம்?"

"அடுத்த தடவை வேணும்னே காலை மட்டும் கழுவிப் பாத்தேன். மழை இல்ல. அதுக்கடுத்த தடவை முகம். அப்புறம் முழுசா. இன்னொரு தடவை பயந்துபோயி எச்சில்கூட முழுங்காம உக்காந்தேன். அன்னிக்கு விழுந்த மழையில ஒருத்தரோட எருமையே மிதந்து பக்கத்து ஊருக்குப் போச்சு. என் மேல படுற தண்ணிக்கும் மேல இருந்து வர்ற தண்ணிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது தர்மினி. நானும் எவ்வளவோ சேத்து வைக்கப் பாத்தேன்."

அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு பாதிச் சிரிப்பு இருந்தது. மற்ற எந்த நாளாக இருந்தாலும் அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும். எருமை மிதந்துபோன கதை அவளுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த கதையில் அந்த எருமைக்குக் காரணம் வேறு.

"அந்த எருமை..." என்றாள். "அன்னிக்குக் காலையில வெத்தலை போட்ட வாயை நான் ஈரத்துணியால துடைச்சிட்டேன். என்னாலதான் போச்சுன்னு அழுதேன்."

கர்சிதியின் சிரிப்பு போயிற்று.

"ஒவ்வொரு தடவை மழை வந்தப்பவும் நான் என்னத்தைத் தொட்டேன், எங்க தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு அழுவேன். நீங்க பக்கத்துல உக்காந்திருப்பீங்க."

"உக்காந்திருந்தேன்."

"ஒண்ணும் சொல்லாம."

"ஒண்ணும் சொல்லாம," என்று ஒப்புக்கொண்டார்.

மேகம் சூரியனை மூடியது. கொல்லை முழுக்க மங்கியது. தர்மினி மெதுவாகக் கேட்டாள்:

"வாய்க்கால்ல விழுந்தது எப்போ?"

"ரொம்ப வருஷம் ஆச்சு."

"எப்போன்னு கேட்டேன்."

சிகரெட் அவர் விரலைச் சுட்டது. கீழே போட்டார். "லாரஸ் உன் வயித்துல இருந்தப்ப."

லாரஸ் கைக்குழந்தையாக இருந்தபோது தர்மினிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொட்டால் சுடும் காய்ச்சல். அன்றைக்குக் கர்சிதி அரிசி ஆலைக்காரர் வீட்டு விருந்துக்கு மழை கட்டப் போயிருந்தார். அண்டை வீட்டார் குவளையை உதட்டில் வைத்துக் கெஞ்சினார்கள். "அவர் கயிறு அறுந்துடும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் பால் வற்றிப்போனது. திரும்ப வரவேயில்லை. லாரஸ் கஞ்சித் தண்ணீரில் வளர்ந்தாள். அன்று இருட்டுவதற்கு முன் வீடு வந்த கர்சிதி பளிச்சென்று இருந்தார். மழையைக் கட்டுகிற உடம்பில் வியர்வைகூட வருவதில்லை என்று காய்ச்சலிலும் அவள் வியந்திருக்கிறாள்.

"அரிசி ஆலைக்காரர் வீட்டு விருந்தன்னிக்கு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "தர்மினி..."

"குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

இடி ஒன்று மலைப்பக்கம் உருண்டது.

"சொல்லணும்னுதான் வீட்டுக்கு வந்தேன்," கர்சிதியின் குரல் உடைந்தது. "சத்தியமா வாயெடுத்தேன். நீ படுத்துக்கிட்டே சிரிச்ச. 'மழை வரல பாத்தீங்களா, நான் தாங்கிட்டேன்'னு சொன்ன. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்ற நேரம் தாண்டிப்போச்சு. ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் தாண்டிப்போச்சு."

"உங்களுக்கு நம்பிக்கை போனப்ப உங்களுக்கு வலிச்சுதா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "வலிச்சுது. குரு செத்தப்பகூட அவ்வளவு அழல."

"அதை என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா அழுதிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடாமலே நடந்தாள்.

*

சமையற்கட்டை ஒட்டியதுதான் குளியலறை. தர்மினி உள்ளே போய்த் தாழ் போட்டாள். தொட்டி நிறையத் தண்ணீர் தளும்பியது. குவளையை எடுத்து மொண்டு, கொண்டையோடும் கல்யாண உடுப்போடும் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

அந்தச் சத்தம் வெளியே கேட்டது. மழைகட்டியின் வீட்டில், கட்டு நடக்கிற நேரத்தில், அந்தச் சத்தம் யார் காதுக்கும் தப்பாது. அம்மிகள் நின்றன. அண்டா கொதிப்பது மட்டும் கேட்டது.

"யாரு உள்ள?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"தர்மினி அக்கா," என்றாள் யாத்மி.

"ஐயோ! பந்தல் போச்சு!"

உள்ளே தர்மினி இன்னொரு குவளை மொண்டாள். அவள் மனத்தில் அப்போது ஓடியதை வெளியே சொன்னால் எந்தத் தாயும் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டாள். மழை வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பெற்ற மகளின் பந்தல் கிழியட்டும், ஆபீஸ்காரர்களின் தட்டில் வெள்ளம் ஓடட்டும், முர்த்தியாவின் சரிகை சேறாகட்டும். ஒரே ஒரு தடவை அவள் தண்ணீரைத் தொட்டதற்காக மழை வந்துவிட்டால் போதும். வற்றிப்போன பாலுக்கு ஒரு கணக்கு நேராகிவிடும். அவர் பொய்யாக இருந்தாலும், கயிற்றின் தன் முனை உண்மை என்று ஆகிவிடும்.

ஊற்றினாள். காது கொடுத்துக் கேட்டாள். ஊற்றினாள். கூரையில் ஒரு சத்தமுமில்லை. தொட்டியின் பாதிக்குமேல் காலியாகிவிட்டது.

பிறகு பந்தல் பக்கமிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது.

கதவைத் திறந்து வந்தாள். சமையற்கட்டுப் பெண்கள் அத்தனை பேரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் மலையைவிட்டு நகர்ந்து, தெற்கே கடல் பக்கமாக நடையைக் கட்டிக்கொண்டிருந்தது. சூரியன் வெளியே வந்துவிட்டது. கூரைமேல் கிடந்த உள்பாவாடைகூடப் பளபளத்தது.

"போயிடுச்சுக்கா," யாத்மி நம்ப முடியாமல் சொன்னாள். "நீ குளிச்சும் போயிடுச்சு. அண்ணன் எப்படிப்பட்ட கட்டுக் கட்டியிருக்கார் பாரேன்!"

தர்மினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

யாத்மி கிட்டே வந்தாள். அவள் முகத்திலிருந்து கேலி மெல்ல இறங்கியது. "என்னக்கா ஆச்சு? அழறியா? தலை ஈரத்துல ஒண்ணும் தெரியல எனக்கு."

அவள் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி முழங்கியது. ஹார்யோனோ தன் கடை மைக்கைத் தானே பிடித்திருந்தார். "பெரியோர்களே, ஆபீசிலிருந்து வந்திருக்கிற கனவான்களே! கண்ணால பாத்தீங்க! பந்தலும் நாமே, வானமும் நாமே! மழைகட்டி கர்சிதியும் அவர் மனைவியும் மேடைக்கு வரணும்!"

யார் யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். தர்மினி மேடையில் ஏறியபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசை அதை வியர்வை என்று நினைத்து உருகியது. கர்சிதி பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேர் அவர் கையை முத்தமிட்டார்கள். ஒருவர் அடுத்த மாதச் சந்தைத் திறப்புக்கு இப்போதே வரச் சொல்லிக் கேட்டார். முர்த்தியாகூட விசிறியை மடக்கிவிட்டுக் கைதட்டினாள்.

"அம்மா ரெண்டு வார்த்தை சொல்லணும்!" ஹார்யோனோ மைக்கை நீட்டினார். "நேத்திலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம இருக்காங்க. அந்தத் தவத்தோட ரகசியம் என்ன? சொல்லுங்க சம்பந்தியம்மா!"

தர்மினி மைக்கைப் பார்த்தாள். மேடை ஓரத்தில் விருந்தாளிகளுக்கான தேநீர்த் தட்டு இருந்தது. போய் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்தாள். சர்க்கரை தூக்கலான, ஆறிப்போன தேநீர். எல்லோரும் பார்க்க, அவசரமில்லாமல், அடிவரைக்கும் குடித்தாள்.

கடைசி விருந்தாளி இன்னும் செருப்பு மாட்டவில்லை. முர்த்தியாவின் கை நெஞ்சுக்குப் போனது. பின்வரிசையில் ஒருவர் வெளியே ஓடி வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, வெயில்தான்," என்று குழம்பிய குரலில் அறிவித்தார்.

தர்மினி வாயைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள். மாப்பிள்ளை பாயு வானத்தைப் பார்த்தான். லாரஸ் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. சாந்து பூசிய முகத்தோடு தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தர்மினி," கர்சிதி உதட்டுக்குள் கெஞ்சினார். "நம்ம பொண்ணு இருக்கா."

"அவளுக்காகத்தான் சொல்லப் போறேன்," என்றாள் தர்மினி.

மெல்லத்தான் சொன்னாள். மைக் திறந்திருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது.